திருடனை அடிக்கலாமா, பிடிக்கலாமா, கட்டி வைக்கலாமா? எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், முதலமடைப் பக்கம் மோட்டார் ஒயர் களவு போனாலும், ஆடு காணாமல் போனாலும், யாரோ ஒருவரைத் தோப்பில் மடக்கினாலும் கிளம்புகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். 1.7.2024 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தியவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

திருடனை அடிக்க நமக்கு உரிமை இருக்கா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

தடுப்பதற்கு அடிக்க உரிமை இருக்கிறது. தண்டிப்பதற்கு அடிக்க இல்லை. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான்.

நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன (பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை). உங்கள் உடம்பை மட்டுமல்ல, அடுத்தவர் உடம்பையும் காக்கலாம். உங்கள் பொருளை மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொருளையும் காக்கலாம். பொருள் விஷயத்தில் திருட்டு, கொள்ளை, நாசம் செய்தல், அத்துமீறி நுழைதல், அல்லது இவற்றுக்கான முயற்சி நடந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த உரிமை எப்ப தொடங்குது, எப்ப முடியுது?

உடம்புக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நொடியில் தொடங்குகிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும் (பிரிவு 40). திருட்டில், திருடன் பொருளோடு தப்பிவிடும்வரை, அல்லது போலீஸ் உதவி கிடைக்கும்வரை, அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும்வரை (பிரிவு 43). சூரியன் மறைந்தபின் வீட்டை உடைத்து நுழைந்தவன் விஷயத்தில் அவன் உள்ளே இருக்கும்வரை.

போர்வெல் ஒயரை ஒருவன் அறுத்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். கையைப் பிடித்து முறுக்கி ஒயரைப் பிடுங்குகிறீர்கள். அதற்கு உரிமை உண்டு. அவன் ஒயரைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடுகிறான். பொருள் உங்கள் கையில், ஆபத்தும் இல்லை, தற்காப்பு அங்கே முடிந்தது. துரத்திப் பிடிக்கலாம்; அது வேறு அதிகாரம், பின்னால் சொல்கிறோம். ஓடுகிறவன் முதுகில் அரிவாளை வீசினால் அது புதுக் குற்றம், செய்தவர் நீங்கள். பெரும்பாலான வழக்குகள் இந்த இரண்டாவது நிமிடத்தில்தான் கெடுகின்றன.

கொன்னாக்கூட கேஸ் இல்லைன்னு சொல்றாங்களே, நெசமா?

சில நிலைமைகளில் உண்மை. உடம்பைக் காப்பதில் பிரிவு 38 ஏழு நிலைமைகளைச் சொல்கிறது: உயிர்போகும் என்ற அச்சம், கொடுங்காயம் வரும் என்ற அச்சம், பாலியல் வன்முறை, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், ஆள்கடத்தல், அதிகாரிகளை அணுகவே முடியாதபடி அடைத்து வைத்தல், ஆசிட் வீச்சு. பொருளைக் காப்பதில் பிரிவு 41: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருப்புக்கோ சரக்கு வைக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடி வைத்தல், உயிருக்கு ஆபத்து என்று அஞ்ச வைக்கும் திருட்டு அல்லது அத்துமீறல்.

இது ஏட்டோடு நிற்கிற சட்டம் அல்ல. 2012-ல் மதுரையில் மகளைப் பாலியல் தாக்குதலிலிருந்து காக்கக் கணவனைக் கொன்ற பெண்ணையும், 2021 ஜனவரியில் ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில் கத்தியோடு வந்தவனிடமிருந்து தப்பும் போராட்டத்தில் அவனைக் கொன்ற இளம்பெண்ணையும், தற்காப்பு என்று ஏற்று விசாரணைக் கட்டத்திலேயே போலீஸ் விடுவித்தது. அச்சமும் ஆபத்தும் அடியும் ஒரே நேரத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

ராத்திரி மாந்தோப்புல காய் பறிக்கிறவனை வெட்டலாமா? சீசன்ல லட்சக்கணக்குல போகுது.

கூடாது. இரவில் வீட்டை உடைத்து நுழைதல் என்பதற்குக் கட்டடம் வேண்டும். குடியிருக்கும் வீடும், சரக்குப் பூட்டி வைக்கும் கொட்டகையும் அதில் வரும். திறந்த தோப்பு வராது. தோப்பில் வெறும் திருட்டு என்றால், உயிர்போகாத அளவு பலத்தை மட்டும் பயன்படுத்தலாம் (பிரிவு 42). அதிலும் பிரிவு 37 குறுக்கே நிற்கிறது: தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் உரிமையே கிடையாது. திருடுகிறவன் கத்தியை எடுத்து உங்கள்மேல் பாய்ந்தால் கணக்கு மாறும். அப்போது பேச்சு மாங்காயைப் பற்றியது அல்ல, உங்கள் உயிரைப் பற்றியது.

இதே கேள்வி 1920-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. பழத்தோட்டத்துக் காவலுக்கு இருந்தவர், பழத்தோடு ஓடிய திருடர்களை நிற்கச் சொல்லியும் நிற்காததால் சுட்டார், ஒருவருக்குக் காயம். நியாயம் அநியாயத்துக்கு வழிவிட வேண்டியதில்லை என்ற கொள்கைப்படி அது தற்காப்பே என்றது நீதிமன்றம். பொருளையும் உயிரையும் தராசில் வைக்கவே தேவையில்லை என்பது அன்றைய ஜெர்மன் பார்வை. இன்று அங்கும் அது செல்லாது. அற்பப் பொருளுக்கு உயிரை எடுப்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

வேலியில கரண்ட் விட்டுட்டா நாமளும் அடிக்க வேண்டியதில்லை, அவனும் வர மாட்டான். அது தப்பா?

தப்பு. இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான யோசனை இதுதான். எந்தத் தற்காப்பும் அந்த நேரத்தில் இருந்த ஆபத்தை ஒருவர் பார்த்து முடிவெடுத்ததாக இருக்க வேண்டும். கம்பிக்கு ஆள் தெரியாது. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரையில் காட்டுப்பன்றிக்கு வைத்த மின்பொறியில் சிக்கி வயலில் செத்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஆளில்லாத பண்ணை வீட்டின் அறைக்கதவில் துப்பாக்கியைக் கட்டி, கதவைத் திறந்தால் சுடும்படி வைத்தார்கள். பழைய பாட்டில்களைத் திருட நுழைந்தவன் கால் சிதைந்தது. 1971-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் திருடனுக்கு 30,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. நீங்கள் நேரில் இருந்தால் எதைச் செய்ய உரிமை இல்லையோ, அதைப் பொறியை வைத்தும் செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

வேலி வேண்டும் என்றால் எனர்ஜைசர் பொருத்திய சோலார் வேலி போடுங்கள். அது நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாக மட்டும் மின்சாரத்தை விடும். தொட்டவர் கையை உதறிக்கொள்ள முடியும். 230 வோல்ட் லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டால் தசை இறுகிக் கம்பியை விட முடியாமல் போகும். எச்சரிக்கைப் பலகையை மலையாளத்திலும் தமிழிலும் மாட்டுங்கள். நம் தோப்பில் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தியும் வேண்டும்.

சரி, பிடிச்சாவது வைக்கலாமா? எத்தனை நேரம்?

வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40, பொதுமக்களில் யாரும் கைது செய்யலாம் என்கிறது. குற்றம் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும். அது போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடியதாகவும், ஜாமீனில் விட முடியாத வகையாகவும் இருக்க வேண்டும். பிடித்தபின் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 6 மணி நேரம் என்பது உச்சவரம்பு. ஸ்டேஷன் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும்போது ஐந்து மணி நேரம் வைத்திருந்தால் அதற்கு விளக்கம் கேட்பார்கள்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக்குள் திருடுவதும் (நியாய சன்ஹிதா பிரிவு 305) செயின் பறிப்பும் (பிரிவு 304) மேலே சொன்ன வகையில் வரும். ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்தடவையாகத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். அப்படிப்பட்ட சில்லறைத் திருட்டைப் போலீஸே வாரண்ட் இல்லாமல் பிடிக்கும் வகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாலு தேங்காய்க்காக ஒருவரைப் பிடித்து அடைத்தால் உங்கள் கைதுக்கே சட்ட பலம் இல்லாமல் போகலாம். பொருளை வாங்கிக்கொண்டு, ஆளை அடையாளம் பார்த்துவைத்து, புகார் கொடுப்பதே அங்கே பாதுகாப்பு.

பிடித்தால் செய்ய வேண்டியது: உடனே 112-க்கு அழையுங்கள், அழைத்த நேரம் பதிவாகிவிடும், அதுவே உங்கள் முதல் சாட்சி. இரண்டு பேர் மட்டும் அருகில் நில்லுங்கள், மற்றவர்களை விலக்குங்கள். கையைப் பின்னால் இறுக்கிக் கட்டிக் குப்புறப் போடாதீர்கள். ஓடிவந்து மூச்சிரைப்பவருக்கு அந்த நிலையில் மூச்சு அடைத்துவிடும். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். காயம் இருந்தால் போலீஸிடம் வாய்விட்டுச் சொல்லி, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒப்படைத்த நேரத்தையும் அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செக்போஸ்ட் தாண்டி அந்தப் பக்கம் ஓடிட்டா? கேரளாக்காரன் தமிழ்நாட்டுல போய்ப் பிடிக்க முடியுமா?

முடியும். சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40 நாடு முழுக்கச் செல்லும். ஆனால் பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள ஸ்டேஷனில் ஒப்படையுங்கள், அது கோயமுத்தூர் மாவட்டத்து ஸ்டேஷனாக இருந்தாலும் சரி. வண்டியில் ஏற்றித் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தால், அவர் தரப்பு அதை ஆள்கடத்தல் என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். 'எங்க லிமிட் இல்லை' என்று சொன்னால், எந்த இடத்துக் குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிற ஜீரோ எஃப்.ஐ.ஆர். விதியைச் சொல்லுங்கள், அது அதே சன்ஹிதாவின் பிரிவு 173-ல் எழுத்திலேயே இருக்கிறது.

மரத்துல கட்டி ரெண்டு சாத்து சாத்துனா உண்மையைக் கக்கிடுவானே?

அடிக்குப் பயந்து எதையும் ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொள்ள வைக்கவோ பொருளைத் திரும்ப வாங்கவோ ஒருவரைக் காயப்படுத்துவது தனிக் குற்றம்: நியாய சன்ஹிதா பிரிவு 120, 7 ஆண்டுவரை சிறை, கொடுங்காயமானால் 10 ஆண்டுவரை. பத்து ரூபாய்த் திருட்டுக்கு வந்தவனைவிடப் பெரிய குற்றவாளியாக நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ஊரே சேர்ந்து அடிச்சா யார் பேர்ல கேஸ் போடுவாங்க? கூட்டத்துல யாரு அடிச்சான்னு எப்படித் தெரியும்?

நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடி முக்காலியில், அரிசியும் மளிகையும் திருடியதாகச் சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து, கையைக் கட்டி நடத்திக் கொண்டுவந்து அடித்தார்கள். போலீஸ் ஜீப்பில் ஏற்றியபின் அவர் செத்துப்போனார். அடித்தவர்களே அவரோடு நின்று படம் எடுத்துப் பரப்பினார்கள். 16 பேர்மீது வழக்கு. சாட்சிகள் பலர் பிறழ்சாட்சி ஆனார்கள். அப்படியும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். யாருடைய அடியில் உயிர் போனது என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே நோக்கத்தோடு சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பொறுப்பு (இப்போது பிரிவு 3(5), 190).

2024-க்குப் பிறகு இன்னும் கடுமை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து சாதி, இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் பிரிவு 103(2)-ன் கீழ் மரணதண்டனை அல்லது ஆயுள். பிறந்த இடமும் மொழியும் இந்தப் பட்டியலில் இருப்பதை எல்லையில் வாழும் நாம் கவனிக்க வேண்டும். கும்பல் கை ஓங்குவது எப்போதும் கேட்க நாதியில்லாதவர்மேல்தான்: ஆதிவாசி, வடநாட்டுத் தொழிலாளி, மனநலம் குன்றியவர். பாலக்காட்டில் தமிழனும், பொள்ளாச்சியில் மலையாளியும் இருட்டில் அந்நியன்தான்.

புள்ள புடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸப்ல போட்டோவோட வருது. நம்பாம இருக்க முடியுமா?

2018 மே மாதம் இப்படி வந்த செய்திகளை நம்பித்தான் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை அடித்துக் கொன்றார்கள். அதே வாரத்தில் ஆந்திர எல்லைப் பழவேற்காட்டில் ஓர் ஆளைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இருவருமே குற்றமற்றவர்கள். அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும், அவர் எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. சந்தேகம் வந்தால் 112-க்குச் சொல்லுங்கள். ஆளைச் சுற்றி நிற்பதே பாதி அடி.

அமெரிக்காவுல வாசல்ல கால வெச்சாலே சுட்டுடலாமாமே?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலான இடங்களில், வீட்டுக்குள் நுழைந்தவனிடமிருந்து பின்வாங்க வேண்டியதில்லை. புளோரிடா 2005-ல் இந்த விதியைத் தெருவுக்கும் நீட்டியது. டெக்சாஸ் இன்னும் ஒரு படி மேலே: இரவுத் திருட்டைத் தடுக்க வேறு வழி இல்லை என்று நியாயமாக நம்பினால் உயிர்போக்கும் பலத்தையும் அனுமதிக்கிறது. பொருளுக்காக உயிரை எடுப்பதை இவ்வளவு வெளிப்படையாக ஏற்கும் சட்டம் அரிது.

விளைவையும் பாருங்கள். 1992-ல் லூசியானாவில் விருந்துக்குப் போன ஜப்பானிய மாணவன் வீட்டை மாற்றிக் கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். ஜூரி விடுவித்தது. ஆனால் சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் அளவுக்கு இழப்பீடு கட்டச் சொன்னார்கள். நியூயார்க் சுரங்க ரயிலில் 1984-ல் நான்கு இளைஞர்களைச் சுட்ட பெர்ன்ஹார்ட் கெட்ஸ், கொலைமுயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினார். உரிமமில்லாத துப்பாக்கிக்குச் சிறை போனார். 1996-ல் அந்த நால்வரில் முடமான ஒருவருக்கு 43 மில்லியன் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஜார்ஜியாவில் 2020-ல், ஓட்டப் பயிற்சிக்குப் போன கறுப்பின இளைஞரைத் திருடன் என்று துரத்திச் சுட்டார்கள். கொன்றவர்கள் குடிமக்கள் கைது என்ற 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சாக்காகச் சொன்னார்கள். 2021-ல் அந்தச் சட்டத்தையே மாநிலம் ரத்து செய்தது, அவர்கள் கொலைக்குத் தண்டனை பெற்றார்கள்.

நம்ம சட்டம் வெள்ளைக்காரன் எழுதினதுதானே? அவன் ஊர்ல எப்படி?

எழுதியவர் மெக்காலே, வரைவு 1837, சட்டமானது 1860. இந்த நாட்டு மக்கள் எதிர்த்து நிற்கத் தயங்குகிறார்கள், தற்காப்புக்குத் தடை போடுவதைவிட ஊக்கம் கொடுப்பதே தேவை என்று வரைவுக் குழு வெளிப்படையாகவே எழுதியது. அதனால்தான் நம் சட்டத்தில் இந்த உரிமை அகலமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் அளவுகோல் 'நியாயமான பலம்'. 1999-ல் நார்ஃபோக் பண்ணை வீட்டுக்குள் நுழைந்த 16 வயதுத் திருடனை டோனி மார்ட்டின் முதுகில் சுட்டுக் கொன்றார். முதலில் கொலை என்று ஆயுள். மேல்முறையீட்டில் மனநிலைக் காரணத்தால் குறைந்து 5 ஆண்டு. 2003-ல் வெளியே வந்தார். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 2013-ல் வீட்டுக்காரருக்குச் சலுகை வந்தது: கண்மண் தெரியாத அளவுக்கு மிஞ்சிப் போனால் மட்டுமே குற்றம். ஓடுகிறவன் முதுகு அப்போதும் அந்தச் சலுகையில் எளிதில் வராது.

சீனா, ஜப்பான்ல எல்லாம்?

சீனாவில் நீண்ட காலம் எதிர்த்து அடித்தவரையும் சேர்த்தே தண்டித்தார்கள். 2018-ல் குன்ஷான் நகரில் திருப்பம். காரிலிருந்து இறங்கிக் கத்தியால் தாக்கியவனின் கத்தி கீழே விழ, மின்சைக்கிளில் வந்தவர் அதை எடுத்துக் குத்தினார். காரை நோக்கி ஓடியவனைத் துரத்தியும் வீசினார். தாக்கியவன் செத்தான். காரில் வேறு ஆயுதம் எடுக்கப் போகிறான் என்று அஞ்சியது நியாயமே என்று ஐந்தே நாளில் வழக்கைக் கைவிட்டார்கள். ஓடுகிறவன் விஷயத்தில்கூட ஆபத்து முடிந்ததா என்பதே கேள்வி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஜப்பானில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, திருடன் நுழைந்த அதிர்ச்சியில் வீட்டுக்காரர் தவறிப்போய்க் கொன்றிருந்தால் தண்டனை இல்லை என்கிறது.

போலீஸே எட்டிப் பாக்காத மலைப்பக்கத்துல சனங்க என்னதான் பண்ணுவாங்க?

பெருவில் 1976-ல் கஹமார்க்கா பகுதி விவசாயிகள் மாட்டுத் திருட்டுக்கு எதிராக 'ரோந்தா' என்ற முறைக்காவலைத் தொடங்கினார்கள். பிடிபட்டவனைக் கொல்வதில்லை, ஊர் ஊராக அனுப்பிப் பகலில் வேலை, இரவில் ரோந்தாவோடு காவல். 2003-ல் அரசே தனிச் சட்டம் போட்டு ஏற்றது. மெக்சிகோவின் மிச்சோகானில் 2013-ல் போதைக் கும்பலை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய குழுக்களுக்கு அப்படி அமையவில்லை. சிலவற்றுக்குள் குற்றவாளிகளே புகுந்தார்கள். ஒன்று ஊர்க்கூட்டத்துக்குக் கட்டுப்பட்டது, மற்றது துப்பாக்கி வைத்திருந்தவருக்கு. முறைக்காவல் போட விரும்பும் தோட்டக்காரர்கள் பெருவைப் பார்க்கலாம்: பெயர்ப்பட்டியலை ஸ்டேஷனில் கொடுங்கள், டார்ச், விசில், போன் போதும், அரிவாள் வேண்டாம்.

மகளைக் கெடுத்தவனைக் கொன்ன அப்பனைச் சனம் கையெடுத்துக் கும்பிடுது. கோர்ட்டும் விட்டுடுச்சே?

மஞ்சேரி வழக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மகளைக் கொன்றவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தகப்பனைக் கேரள உயர் நீதிமன்றம் 2006-ல் விடுவித்தது. நாக்பூரில் 2004-ல் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒரு ரவுடியைப் பெண்கள் திரண்டு கொன்ற வழக்கிலும் 2014-ல் விடுதலை. இரண்டிலும் குற்றம் நிரூபணமாகவில்லை என்பதே காரணம். பழிவாங்கியது சரி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்தத் தகப்பனின் வேதனையை மதிக்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி ஒருவர் இறங்கினால் ஆயுள் சிறை காத்திருக்கிறது.

எல்லை மீறிட்டேன், ஆனா பயத்துல. மன்னிப்பே இல்லையா?

உண்டு. நல்லெண்ணத்தில் தற்காப்பு எல்லையைத் தாண்டி உயிர் போனால் அது கொலை ஆகாது (பிரிவு 101, இரண்டாம் விதிவிலக்கு). குறைந்த தண்டனைக்கான பிரிவு 105-க்கு வரும். ஜெர்மனியில் பயத்தாலும் பதற்றத்தாலும் மீறியிருந்தால் தண்டனையே இல்லை. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், உயிர்ப்பயத்தில் இருப்பவர் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்று ஏற்றது.

தற்காப்புக்குத்தான் அடிச்சேன்னு எப்படி நிரூபிக்கிறது?

நிரூபிக்கும் பாரம் உங்கள்மேல் (புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியம், பிரிவு 108). ஆனால் சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டாம். நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உடனே 112. உங்களுக்குக் கீறல் மட்டும் என்றாலும் அன்றே அரசு ஆஸ்பத்திரியில் காயச் சான்று வாங்குங்கள், மறுநாள் போனால் மதிப்புக் குறையும். ரத்தத்தைக் கழுவாதீர்கள், ஆயுதத்தை மறைக்காதீர்கள், வேலியைச் சரிசெய்யாதீர்கள். காயங்கள் முதுகில் இருந்தாலோ, ஒன்றுக்குப் பதில் பத்து இருந்தாலோ, சொல்லும் கதை இரண்டாம் நாள் மாறினாலோ வழக்கு கவிழும்.

மஃப்டியில வந்து 'போலீஸ்'னு சொல்லித் தூக்கிட்டுப் போறாங்க. அவங்களை எதிர்க்கலாமா?

மாநிலம் விட்டு மாநிலம் வரும் போலீஸால் இது இங்கே அடிக்கடி எழும் சிக்கல். அரசு ஊழியர் நல்லெண்ணத்தில் தன் பதவியைக் கொண்டு செய்யும் செயலுக்கு எதிராக, அது சட்டப்படி சற்றுப் பிசகாக இருந்தாலும், தற்காப்பு உரிமை இல்லை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் உண்டு. அவர் போலீஸ் என்று உங்களுக்குத் தெரியாமலும், நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் உரிமை பறிபோகாது (நியாய சன்ஹிதா பிரிவு 37-ன் விளக்கம்).

கைது செய்ய வருபவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தார் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் (சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 36). கதவைத் திறக்கும் முன் அடையாள அட்டையைக் கேளுங்கள். ஜன்னல் வழியே பேசிக்கொண்டே 112-க்கு அழைத்து, இந்தப் பெயரில் அதிகாரி வந்திருப்பது உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியும் என்றால் கூடப் போங்கள், வண்டி எண்ணை வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு.